மிகுதலா, மீறுதலா?

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்யும் நீதிமன்ற, செய்தி, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

'எக்ஸீட்' என்ற ஆங்கில வினைச்சொல் நிற்பதற்கு இரண்டு வேண்டும்: ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு அப்பால் போன ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்பு லிஃப்டின் உட்சுவரில் அறைந்திருக்கும் தகட்டைப் பார்த்தால் போதும். '6 பேர், 408 கிலோ' என்று இருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்று போட்ட கணக்கு. ஆறு பேர் ஏறிய பிறகு ஏழாவதாக ஒருவர் அரிசி மூட்டையோடு நுழைகிறார். கதவு மூட மறுக்கிறது, மணி அடிக்கிறது. 408 என்பது கோடு. உள்ளே இருக்கும் எடை அதைக் கடந்துவிட்டது. ஆங்கில வினை சொல்வது இவ்வளவுதான். மூட்டைக்காரர் செய்தது தப்பா, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் பருமனா என்ற விசாரணைக்குள் அது போவதில்லை.

தீர்ப்பு முழுக்க அடுத்து வரும் பெயர்ச்சொல்லின் கையில் இருக்கிறது. இதே வினையை விற்பனை இலக்கோடு சேர்த்தால் பாராட்டு, வேக வரம்போடு சேர்த்தால் அபராதம், மழையளவோடு சேர்த்தால் வெறும் தகவல். தமிழில் இப்படி வெள்ளைச் சட்டை போட்ட ஒற்றை வினை கிடையாது. மிகு, மிஞ்சு, விஞ்சு, மீறு, தாண்டு, கட, மேற்படு என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அதில் ஒவ்வொன்றும் தன் அபிப்பிராயத்தைக் கையோடு கொண்டுவருகிறது. அகராதியில் முதலில் கண்ணில் படும் 'மீறு' என்பதை எல்லா இடத்திலும் வைத்துவிடுவதால், ஆங்கிலத்தில் குற்றமற்றிருந்தவர்கள் பலர் தமிழில் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார்கள்.

சொல்லின் பிறப்பு லத்தீனில். 'எக்ஸ்' என்றால் வெளியே. 'கேதெரே' என்றால் நடத்தல், போதல், விட்டுக்கொடுத்தல். வேலிக்கு வெளியே நடந்து போவதுதான் மூலச் சித்திரம். பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதே வேரிலிருந்து முன்னோக்கி நடப்பதற்கு 'புரொஸீட்', பின்னால் விலகுவதற்கு 'ரிஸீட்', பின்தொடர்ந்து வருவதற்கு 'சக்ஸீட்' ஆகியவை பிறந்தன. அரசருக்குப் பின் அரியணைக்கு வருபவரும் தேர்வில் வெற்றி பெறுபவரும் ஒரே வினையைப் பங்கு போட்டுக்கொள்வது இப்படித்தான். முன்னோரைக் குறிக்கும் 'ஆன்செஸ்டர்' கூட முன்னே நடந்து போனவர் என்ற பொருளில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு சிறு குறிப்பு. இந்தக் குடும்பத்தில் 'சி, இ, இ, டி' என்று முடிபவை எக்ஸீட், புரொஸீட், சக்ஸீட் ஆகிய மூன்று வினைகள் மட்டுமே. ரிஸீட், கன்ஸீட், பிரிஸீட் போன்ற மற்றவை 'சி, இ, டி, இ' என்று முடியும். 'சூப்பர்ஸீட்' ஒன்று மட்டும் 'எஸ்' எழுத்தோடு தனியாக நிற்கும். அதன் வேர் நடத்தல் இல்லை, உட்காருதல். காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கேட்கும் 'அக்ஸீட்' என்பதன் பொருள் இணங்குதல். கோரிக்கைக்கு இணங்கிய அரசு, கோரிக்கையை மிஞ்சிய அரசாக மாறிவிடும் ஆபத்து இங்கே உண்டு.

எண்களோடு வரும்போது இந்த வினைக்கு ஒரே ஒரு கண்டிப்பு: கோட்டின் மேல் நிற்பது கடந்ததாகாது. 2017-ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 22-ஆம் பிரிவில், ஒரு நிதியாண்டின் மொத்த விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயை 'எக்ஸீட்' செய்தால் பதிவு கட்டாயம் என்கிறது. சரியாக 20 லட்சத்தில் ஆண்டை முடித்தவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஒரு ரூபாய் கூடினால் பொருந்தும். சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு 2019 ஏப்ரல் முதல் வந்த 40 லட்ச ரூபாய் விலக்கிலும் இதே வினைதான், எதிர்மறையில். அங்கே 40 லட்சமும் விலக்குக்குள் அடக்கம். '20 லட்சம் விற்றுமுதல் இருந்தால் பதிவு செய்ய வேண்டும்' என்று எழுதிய தமிழ்த் துண்டறிக்கை ஒரு ரூபாய் வித்தியாசத்தில் சட்டத்தை மாற்றிவிடுகிறது.

ஒரு ரூபாய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். வருமான வரிக்காரர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் ரொக்கத்துக்கு வைத்த இரண்டு வேலிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வணிகர் ஒருவர் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு ரொக்கமாகக் கொடுத்த தொகை 10,000 ரூபாயை 'எக்ஸீட்' செய்தால் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்றது பிரிவு 40ஏ(3). முழுசாகப் பத்தாயிரம் கொடுத்தால் பாதகமில்லை. 2017 ஏப்ரலில் நடப்புக்கு வந்த பிரிவு 269எஸ்டி வேறு மாதிரி எழுதப்பட்டது: 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. இங்கே 2 லட்சமே தடைக்குள் வந்துவிடுகிறது. 1,99,999 ரூபாய்தான் கடைசிப் படி. முதல் வாசகத்தில் நம் வினை இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. சட்டம் எழுதியவர்கள் தெரிந்தே வேறு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் '...க்கு மேல் ரொக்கப் பரிவர்த்தனை கூடாது' என்று ஒரே அச்சில் வார்க்கும் தமிழ்ச் செய்தி, நகைக்கு ரொக்கம் வாங்கும் கடைக்காரரை நேராகப் பள்ளத்தில் இறக்குகிறது.

மது குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவும் இந்த வினையின் மேல்தான் நிற்கிறது: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமை 'எக்ஸீட்' செய்யும் மது. கருவி 30 காட்டினால் இந்தப் பிரிவு பிடிக்காது. அணைச் செய்திகளில் இந்தக் கோடு இன்னும் துலக்கமாகத் தெரியும். முல்லைப் பெரியாற்றில் நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியை எட்டியது. எட்டியது என்ற சொல்லே அங்கே சரி. தாண்டியது என்று எழுதியிருந்தால், தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மீறினார்கள் என்று ஆகியிருக்கும். ஓர் அடியும் கூடவில்லை, ஒரு வினைச்சொல்லில் வழக்கே மாறிவிடும்.

இந்தத் துல்லியத்தைத் தாங்கத் தமிழில் ஆள் இருக்கிறது. '60 நாள்களுக்கு மிகாமல்' என்று டெண்டர் அறிவிப்புகளில் வருவது எதிர்மறை வாசகத்துக்கு நூற்றுக்கு நூறு ஈடு. அறுபதாம் நாள் உள்ளே, அறுபத்தொன்றாம் நாள் வெளியே. இலங்கைச் சட்டத் தமிழில் 'மேற்படாத' என்ற வடிவம் வேரூன்றியிருக்கிறது, அதுவும் நன்று. உடன்பாட்டு வாசகத்துக்கு '...க்கு மேல்' போதும், அதைவிட எளிய சொல் தேவையில்லை. '...ரூபாய் வரை' என்பது பேச்சில் கடைசி எண்ணையும் சேர்த்தே குறிக்கும் என்றாலும் சட்ட வாசகத்தில் 'உட்பட' என்று ஒரு சொல் கூட்டுவது உத்தமம். வயதில்தான் சிக்கல். 2021 ஏப்ரல் 1 முதல் கொரோனா தடுப்பூசி 45 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதை '45 வயதுக்கு மேற்பட்டோர்' என்று சுருக்கினால், 45 வயதில் இருப்பவர் தனக்கு ஊசி உண்டா என்று வாசலில் நின்று கேட்க வேண்டியிருக்கும். ஆங்கில மூலத்தில் நம் வினை இல்லாத இடத்திலும் தமிழாக்கத்தில் அது நுழைந்துவிடுவதற்கு இது உதாரணம்.

எண்ணிலிருந்து அதிகாரத்துக்கு வந்தால் வினையின் குணம் மாறுகிறது. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவில் இரண்டாவது விதிவிலக்கு ஒன்று உண்டு. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவில் இருக்கிறது. தற்காப்புரிமையை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தும்போது, சட்டம் தந்த அதிகாரத்தைவிடக் கூடுதலாகப் போய்விட்டவர், முன்கூட்டியே திட்டமிடாமலும் தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணம் இல்லாமலும் இருந்தால், நேர்ந்த மரணம் கொலை ஆகாது. அங்கே உள்ள வினை 'எக்ஸீட்'. அந்த ஆள் சட்டத்தை முறிக்கக் கிளம்பியவர் இல்லை. உரிமை இருந்தது, அதற்குள்தான் தொடங்கினார், பதற்றத்தில் ஓர் அடி வெளியே வைத்துவிட்டார். 'அதிகாரத்தை மீறினால்' என்று தமிழில் எழுதினால் விதிவிலக்கின் இரக்கம் அப்படியே காய்ந்துவிடுகிறது. 'அதிகாரத்தின் எல்லையைக் கடந்துவிட்டால்' என்பது எவ்வளவோ மேல்.

இந்த ஒரு வினைக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து யோசித்த வழக்கும் உண்டு. அங்கே 1986-இல் வந்த கணினி மோசடிச் சட்டம் இரண்டு வகை ஆட்களைத் தண்டிக்கிறது: அனுமதியே இல்லாமல் கணினிக்குள் நுழைபவர், அனுமதி இருந்தும் அதை 'எக்ஸீட்' செய்பவர். ஜார்ஜியா மாநிலக் காவல் சார்ஜென்ட் வான் ப்யூரன், ரோந்துக் காரில் இருந்த கணினியில் தன் சொந்தக் கடவுச்சொல்லைப் போட்டு, ஒரு காரின் பதிவெண் யாருடையது என்று தேடினார். தேடுவதற்கு அவருக்கு அனுமதி உண்டு. ஆனால் அவர் தேடியது, தெரிந்த ஒருவர் காசு தருகிறேன் என்று சொன்னதற்காக. அந்த ஆள் எஃப்பிஐ-யோடு சேர்ந்து வலை விரித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கீழ் நீதிமன்றம் 18 மாதச் சிறை விதித்தது.

கேள்வி இலக்கணக் கேள்விதான். அனுமதி என்பதை நிலப்பரப்பு என்று கொள்வதா, நோக்கம் என்று கொள்வதா? நிலப்பரப்பு என்றால், நுழையக் கூடாத கோப்புறைக்குள் நுழைந்தால் மட்டுமே எல்லையைக் கடந்ததாகும். நுழையலாம் என்று இருக்கும் இடத்தில் கெட்ட நோக்கத்தோடு நுழைந்தாலும் வேலி வேலியாகவே இருக்கிறது. நோக்கம் என்றால், காவல் வேலைக்கென்று தந்த அனுமதியைக் காசுக்குப் பயன்படுத்திய கணமே எல்லை கடந்தாயிற்று. 2021 ஜூன் 3 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிமன்றம் முதல் பொருளை ஏற்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஏமி கோனி பாரெட். அரசு சொல்லும் பொருளை ஏற்றால், அலுவலகக் கணினியில் சொந்த மின்னஞ்சல் அனுப்புகிறவரும் செய்தி படிக்கிறவரும் குற்றவாளி ஆகிவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், கார் நிறுத்தச் சாவியை வாங்கிய ஓட்டல் பணியாளரை உதாரணம் காட்டினார்: நிறுத்தலாம், ஊர் சுற்றப் போக முடியாது.

தாமஸ் சொன்னது அன்றாட வழக்குக்கு நெருக்கமாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சொல்லின் வேரைப் பார்த்தால் பாரெட் பக்கம் தராசு சாய்கிறது. லத்தீன் வேலிக்கு வெளியே நடந்ததே தவிர, வேலிக்குள் நின்று எதை நினைத்தது என்று கேட்கவில்லை. தமிழாக்கத்திலும் இதே கேள்வி எழும். 'அனுமதியை மீறிய அணுகல்' என்று எழுதினால் நோக்கம் பற்றிய பொருள் தானாக ஒட்டிக்கொள்கிறது, தோற்ற பக்கம் ஜெயித்துவிடுகிறது. 'அனுமதித்த எல்லைக்கு அப்பால் அணுகுதல்' என்று எழுதினால் தீர்ப்பு தீர்ப்பாகவே நிற்கும்.

மீறல் என்ற சொல் முற்றிலும் தவறாகப் போகும் இடம் ஒன்றும் இந்தியாவிலேயே இருக்கிறது. 2009 நவம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்த தேசியக் காற்றுத்தர அளவுகளின்படி, பிஎம் 2.5 என்னும் நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அதன் அடிக்குறிப்பு சுவாரசியமானது. ஆண்டின் அளவீடுகளில் 98 விழுக்காடு இந்த அளவுக்குள் இருக்க வேண்டும். மீதி 2 விழுக்காடு 'எக்ஸீட்' செய்யலாம், ஆனால் அடுத்தடுத்த இரண்டு அளவீட்டு நாள்களில் கூடாது. கடப்பதற்கே விதி அனுமதி தருகிறது. அனுமதித்ததைச் செய்வதற்குப் பெயர் மீறலா? போகிப் புகையில் ஒரு நாள் அளவு எகிறினால் 'அளவுக்கு மேல் போயிற்று' என்பதே சரி. மறுநாளும் எகிறினால், அப்போது 'விதி மீறப்பட்டது' என்று தாராளமாக எழுதலாம்.

இங்கே தமிழ் இலக்கணம் கையில் ஒரு கருவியைத் தருகிறது, மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் கண்டுகொள்ளாத கருவி. 'சட்டத்தை மீறினான்', 'பேச்சை மீறினாள்' என்று இரண்டாம் வேற்றுமை வந்தால் 'மீறு' குற்றம் சாட்டும். 'வயதுக்கு மீறிய பேச்சு', 'சக்திக்கு மீறிய செலவு', 'தகுதிக்கு மீறிய ஆசை' என்று நான்காம் வேற்றுமை வந்தால் குற்றப்பத்திரிகை மறைந்து அளவுகோல் வந்துவிடுகிறது. வயதுக்கு மீறிய அறிவுள்ள குழந்தையை யாரும் திட்டுவதில்லை; பாட்டிகள் திருஷ்டி கழிக்கிறார்கள். 'மிஞ்சு' என்பதும் இப்படியே. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பதில் பேச்சு அளவைப் பற்றியது. 'குருவை மிஞ்சிய சீடன்' என்பதில் ஆளோடு ஆள் போட்டி. ஆங்கில வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் இடையே முன்னிடைச்சொல் எதுவும் வராது; கணக்கும் குற்றமும் போட்டியும் ஒரே வாசல் வழியாகப் போகின்றன. தமிழில் உருபு ஒன்றை மாற்றினால் வாசல் மாறிவிடும். 'ஐ' போடுவதற்கு முன் ஒரு கணம் நிற்பது நல்லது.

'மிகு' குடும்பம் பெரியது: மிக, மிகுதி, மிகை, மிச்சம், மிஞ்சு. லத்தீன் வினை குறுக்காக நடக்கிறது. 'மிகு' உள்ளிருந்து பொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் 'வலி மிகும் இடங்கள், மிகா இடங்கள்' என்று மனப்பாடம் செய்த எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதிதான். க், ச், த், ப் அங்கே எதையும் மீறுவதில்லை, கூடி வருகின்றன. நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது குன்றக் கூறலுக்கு அடுத்து மிகைபடக் கூறலை வைக்கிறது. மிச்சத்தில் இன்னொரு திருப்பம். 'சோறு மிஞ்சிப்போச்சு' என்றால் தேவையைக் கடந்து எஞ்சியது என்று பொருள். 'மிஞ்சிப்போனால் நூறு பேர் வந்திருப்பார்கள்' என்றால், கடந்தாலும் நூறுதான் என்று மேல்வரம்பு கட்டுகிறோம். ஆங்கிலத்தில் 'நாட் எக்ஸீடிங்' என்று விறைப்பாக நிற்பதைத் தமிழ்ப் பேச்சு இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறது. செய்திக் கட்டுரையில் ஒருவரின் பேச்சை மேற்கோளாகத் தமிழாக்கும்போது இந்தச் சொல்லைத் தயங்காமல் எடுக்கலாம்.

'தாண்டு', 'கட' இரண்டும் காலால் ஆகிற வேலை. வேலியும் ஆறும் வாசற்படியும் அவற்றின் இயல்பான செயப்படுபொருள்கள். எண்களும் வேலி போலவே நடத்தப்படுவதால் 'நூறைத் தாண்டியது' என்று எழுதுவதில் இலக்கணத் தவறு இல்லை. ஆனால் தாண்டுவதில் ஒரு துள்ளல் இருக்கிறது. 2021-இல் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டியபோது 'சதமடித்தது' என்று தலைப்புப் போட்டதில் எரிச்சலோடு கலந்த கிண்டல் இருந்தது, பொருந்தவும் செய்தது. நிலநடுக்கத்தில் இறந்தவர் எண்ணிக்கைக்கு அதே துள்ளல் பொருந்துமா? 'பலி ஆயிரத்தைத் தாண்டியது' என்ற வாக்கியம் நாள்தோறும் அச்சாகிறது, கண்ணும் பழகிவிட்டது. இருந்தாலும் 'ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர்' என்பதில் உள்ள அடக்கம் அதில் வருவதில்லை. 'கட' என்பதற்கு வேறொரு இடைஞ்சல்: 'கடந்த' என்று பெயரெச்சமானதும் அது காலத்துக்குப் போய்விடும். 'கடந்த இலக்கு' என்றால் எட்டிப் பிடித்த இலக்கா, போன வருஷத்து இலக்கா என்று வாசகர் திகைப்பார்.

எதிர்பார்ப்போடு வரும்போது வினை முழுப் பாராட்டாகிவிடும். ஐடி நிறுவனங்களின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் 'எக்ஸீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். சம்பள உயர்வு அந்தக் கட்டத்தில்தான் குடியிருக்கிறது. ஹாரி பாட்டர் கதைகளில் வரும் தேர்விலும் 'அவுட்ஸ்டாண்டிங்' என்பதற்கு அடுத்த தரம் இதுவே. 'எதிர்பார்ப்புகளை மீறியவர்' என்று அதைத் தமிழாக்கினால் ஒழுங்கு நடவடிக்கைக்குக் கூப்பிட்டது போல ஒலிக்கும். 'எதிர்பார்த்ததைவிடச் சிறப்பு' என்பது படிவத்துக்குப் போதும். கட்டுரை என்றால் 'விஞ்சு' இருக்கிறது. போட்டியின் மணமும் மெச்சுதலும் அதில் சேர்ந்தே வரும். ஆனால் எடைக்கும் வெப்பநிலைக்கும் அதை இரவல் வாங்கக் கூடாது. '38 டிகிரியை விஞ்சிய காய்ச்சல்' என்று எழுதினால் காய்ச்சலுக்கு மாலை போட்டது போலிருக்கும்.

அக்கம்பக்கத்து ஆங்கில வினைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'சர்பாஸ்' பெரும்பாலும் தகுதியில் மேலே போவது. எடை வரம்பை யாரும் 'சர்பாஸ்' செய்வதில்லை. 'எக்ஸெல்' தனித்து நிற்கும் வினை, எதைக் கடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கணிதத்தில் சிறந்து விளங்குதல் என்பது அது. 'டிரான்செண்ட்' ஏறிக் கடப்பது, வேரிலேயே ஏறுதல் இருக்கிறது. சாதி, மதம், காலம் போன்றவற்றுக்கு அப்பால் போவதற்கு அதைக் கையாளுவார்கள், தமிழில் அங்கே 'கட' அழகாக உட்காரும். உண்மையிலேயே 'மீறு' வேண்டிய இடம் 'ஓவர்ஸ்டெப்'. வரம்பு தெரிந்தே காலை வெளியே வைப்பதன் குற்றம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்களுக்கும் ஒன்றிரண்டு எச்சரிக்கைகள். இந்த வினைக்குப் பிறகு 'தேன்', 'ஓவர்', 'மோர் தேன்' எதுவும் வராது. கடத்தல் என்பதிலேயே 'விட' அடங்கியிருக்கிறது. எவ்வளவு கடந்தது என்று சொல்ல 'பை' சேர்ப்பார்கள். வரம்பு 80 கிலோமீட்டர், வண்டி 'பை 20' கடந்தது என்றால் ஓடிய வேகம் 100; '20-க்கு மேல் ஓடியது' என்று மயங்கிய தமிழாக்கம் லாரியை மாட்டுவண்டி ஆக்கிவிடும். 'எக்ஸீடிங்லி' என்ற வினையடையில் கடத்தல் கரைந்துபோய் 'மிகவும்' என்ற பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் அந்த 'லி'கூட இல்லாமல் இதே பொருளில் வரும். அதைத் தமிழாக்கும்போது கோட்டைத் தேடி அலைய வேண்டாம்.

பெயர்ச்சொல் இரண்டு உண்டு, இரண்டும் வேறு. 'எக்செஸ்' கூடிப்போன அளவைச் சொல்லும். 'எக்ஸீடன்ஸ்' கூடிப்போன நிகழ்வைச் சொல்லும். வெள்ளக் கணிப்பில் நூறாண்டு வெள்ளம் என்பது எந்த ஓர் ஆண்டிலும் 1 விழுக்காடு 'எக்ஸீடன்ஸ்' வாய்ப்புள்ள வெள்ளம். நூறு ஆண்டுக்கு ஒரு தடவைதான் வரும் என்று அதைப் புரிந்துகொள்வது தப்பு. அடுத்த ஆண்டே வந்தாலும் கணக்கு கெடாது. 'அந்த அளவைக் கடக்கும் வாய்ப்பு' என்று எழுதினால் மயக்கம் தீரும். 'எக்செஸ்' காப்பீட்டுப் பத்திரத்தில் வேஷம் மாறும். பிரிட்டிஷ் வழக்கில் அது, இழப்பீட்டில் காப்பீடு எடுத்தவரே கைக்காசு போட வேண்டிய முதல் பகுதி. 'கூடுதல் தொகை' என்று தமிழாக்கிவிட்டால், கம்பெனி கூடுதலாக ஏதோ தரப்போகிறது என்று கார்க்காரர் காத்திருப்பார். 'தாமே ஏற்க வேண்டிய தொகை' என்று விரித்து எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

திரைகளில் வரும் அறிவிப்புகளில்தான் இந்த வினை இப்போது அதிகம் உலவுகிறது. ஏடிஎம்மில் ரகசிய எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தியவரிடம் 'அதிகபட்ச முயற்சிகளின் எண்ணிக்கையை நீங்கள் மீறிவிட்டீர்கள்' என்கிறது திரை. ஆங்கில மூலத்திலேயே கணக்கு பிசகு. அனுமதித்தது மூன்று, அவர் செய்தது மூன்று, எதையும் கடக்கவில்லை. தமிழ் அந்தப் பிசகோடு ஒரு குற்றச்சாட்டையும் கூட்டிக்கொண்டது. பின்னால் வரிசையில் ஆள் நிற்க, கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறும் முதியவருக்குத் தேவையான வாக்கியம் வேறு: 'மூன்று முறையும் எண் தவறு. இனி நாளைதான் முயல முடியும்.' விண்ணப்பத் தளங்களில் 'கோப்பு அளவு வரம்பை மீறுகிறது' என்று வருவதற்கும் இதே சிகிச்சை: 'இந்தப் படம் 2 எம்பிக்கு மேல் உள்ளது. 2 எம்பிக்கு மிகாத படத்தைச் சேர்க்கவும்.' எண் உள்ளே வந்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

சில இடங்களில் இந்த வினைக்குத் தமிழில் ஈடு தேடவே வேண்டாம், ஏனென்றால் தமிழ் அதே காட்சியை எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறது. நிரல் போட்டிகளில் 'டைம் லிமிட் எக்ஸீடட்' என்று வருவதைத் தமிழ்ப் பிள்ளை அறைத்தோழனிடம் சொல்லும்போது 'டைம் பத்தல' என்கிறான். செலவு வரவைக் கடந்தது என்று ஆங்கிலம் சொன்னால், வரவு செலவுக்குக் கட்டவில்லை என்கிறது வீட்டுப் பேச்சு. தேவை வரத்தை 'எக்ஸீட்' செய்ததால் தக்காளி விலை ஏறியது என்று ஆங்கிலச் செய்தி நிறுவனம் அனுப்பிய வரியைக் கோயம்பேட்டு வியாபாரி ஒருவரிடம் படித்துக் காட்டினால் அவர் இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்: 'வரத்து இல்ல.'